கணக்கில் ஏறிய கிரெடிட் கைக்கு வருமா?

தேசியக் கல்விக் கொள்கையின் ஓராண்டு நிறைவு விழா 2021 ஜூலை 29 அன்று நடந்தது. அன்று பிரதமர் தொடங்கிவைத்த திட்டங்களில் ஒன்று ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’, சுருக்கமாக ஏபிசி. பாதியில் விட்ட படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஒரு கல்லூரியில் சேர்த்த கிரெடிட்டை இன்னொரு கல்லூரிக்கு எடுத்துச் செல்லலாம், வேலைக்குப் போய்க்கொண்டே மீதியை இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்றில் முடித்துப் பட்டம் வாங்கலாம் என்றெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. கடைசியாகச் சொன்ன வாக்குறுதி மட்டும்தான் இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. காரணம் எளிது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுபவர்கள் இங்கே குறைவு. குடும்பச் சூழலால் படிப்பை விட்டுவிட்டு, சில ஆண்டுகள் கழித்து எப்படியாவது ஒரு டிகிரி வேண்டும் என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல் பெரும்பாலும் இணையவழியோ தொலைநிலையோதான்.

படித்தது பதிவாக வேண்டும். பதிவானதைப் புதிய இடம் ஏற்க வேண்டும். அந்த இடம் தரும் பட்டத்தை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கிரெடிட் மாற்றம் என்பது பேச்சளவில்தான்.

முதல் படியில் ஏபிசிக்கு நல்ல மதிப்பெண் தரலாம். மாணவர் பெயரில் 12 இலக்க எண். டிஜிலாக்கர் வழியாக அதைப் பெறலாம். மாணவர் தானாக மார்க் ஷீட்டை ஏற்ற முடியாது. பதிவு செய்துள்ள கல்வி நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது நிறையாகவே படுகிறது. போலி மார்க் ஷீட் ஒரு தொழிலாகவே நடக்கும் நாட்டில், வழங்கிய நிறுவனமே பதிவு செய்வது சரியான ஏற்பாடு. பழைய கல்லூரி அலுவலக வாசலில் டிரான்ஸ்கிரிப்ட்டுக்காகக் காத்துக் கிடக்க வேண்டிய அவசியமும் காலப்போக்கில் குறையும். ஒரு பட்டத்துக்குப் பயன்படுத்திய கிரெடிட் கணக்கிலிருந்து கழிந்துவிடும் என்பதால், ஒரே பாடத்தைக் காட்டி இரண்டு பட்டம் வாங்கவும் வழியில்லை. தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை எதிர்த்தாலும், இங்குள்ள பல்கலைக்கழகங்களும் மாணவர்களிடம் ஏபிசி எண் கேட்கத் தொடங்கிவிட்டன. பதிவேடு என்ற அளவில் இது நல்ல பதிவேடு.

சிக்கல் இரண்டாம் படியில். அதைப் பொதுவாகப் பேசினால் புரியாது, கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ்நாட்டின் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இங்கே மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் 140 கிரெடிட். நான்கு செமஸ்டர் அரியர் இல்லாமல் முடித்துவிட்டு நின்றுவிட்டாள் என்றால் கையில் ஏறத்தாழ 90 கிரெடிட் இருக்கும். இப்போது அவள் வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிப் பட்டத்தில் சேர விரும்புகிறாள். அங்கே மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சட்டகம் சொல்லும் எண் அதுதான்.

பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டைப் பெற்றிருக்க வேண்டும் என்பது ஏபிசி விதி. ஆக, 60க்கு மேல் அவளால் கொண்டுபோகவே முடியாது. யாரும் எதையும் பரிசீலிப்பதற்கு முன்பே, விதியின் முதல் வரியிலேயே 30 கிரெடிட் போயிற்று. மிச்சத்தில் பகுதி ஒன்று தமிழ், நான்கு தாள், தாளுக்கு மூன்று வீதம் 12 கிரெடிட். வெளிமாநிலத்துப் பாடத்திட்டத்தில் அதற்கு ஈடான தாள் இருக்காது. ஆங்கிலம் ஓரளவு தேறும். அடுத்தது அவளுடைய முதன்மைப் பாடம். ஆய்வகம் தேவைப்படும் படிப்புகள் இணையவழியில் அரிது. அதனால் பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.ஏ. என்று ஏதாவது ஒன்றுக்குத்தான் அவள் மாற வேண்டும். இரண்டாண்டு படித்த இயக்கவியலும் ஒளியியலும் அங்கே எந்தத் தாளுக்கும் பொருந்தாது. அலைடு கணிதம் பி.சி.ஏ.வில் பொருந்தலாம். சுற்றுச்சூழல் கல்வி பொருந்தும். திறன் மேம்பாட்டுத் தாள்களில் ஒன்றிரண்டு பொருந்தலாம். என் கணக்கில், தாராள மனதோடு பார்த்தாலும் 30ஐத் தாண்டாது. அதாவது, நாலு செமஸ்டர் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த 30ம் காலத்தை மிச்சப்படுத்துமா என்பது வேறு கேள்வி. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்தில் இல்லையென்றால், சில தாள்களில் விலக்கு பெற்ற முதலாண்டு மாணவியாகத்தான் அவள் உட்கார வேண்டும். தேர்வு குறையும், ஆண்டு குறையாது. கட்டணம் ஆண்டுக் கணக்கில் வசூலிக்கப்பட்டால் அதுவும் குறையாது.

பொறியியலை விட்டவர்கள் நிலை இதைவிடச் சங்கடம். மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றை இணையவழியில் நடத்தத் தடை விதிக்கிறது. தடை நியாயமானதே, செவிலியத்தைத் திரையில் பார்த்துக் கற்றவரிடம் யார் ஊசி போட்டுக்கொள்வார்கள்? ஆனால் பொறியியல் கல்லூரிகள் நிறைந்த தமிழ்நாட்டில் படிப்பை விட்டவர்களில் கணிசமானோர் அங்கிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அதே பட்டத்தை இணையத்தில் தொடரும் வழி விதியிலேயே இல்லை.

கிரெடிட் என்ற அலகே எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லூரி வகுப்பறையில் ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் சுமார் 15 மணி நேர விரிவுரை. திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் அது 30 மணி நேரப் படிப்பு. 2023இல் வந்த தேசிய கிரெடிட் சட்டகமும் கற்றலுக்கான 30 மணி நேரத்தைத்தான் ஒரு கிரெடிட்டாக வைக்கிறது. ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். பட்டத்துக்கான மொத்தமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரியில் 140, இக்னோவின் பொது பி.ஏ.வில் 132, சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ்சி.யில் 114. இவற்றில் எது கூடுதல், எது குறைவு என்பதல்ல சிக்கல். ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்து எண்ணாக மாற்ற நாடு முழுவதற்குமான ஒப்பீட்டு அட்டவணை மாணவர் கையில் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சிலபஸை விரித்து வைத்துக்கொண்டு புதிதாகப் பார்க்கிறது, பார்த்தால்.

ஏபிசியின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது. கிரெடிட்டைச் சேமிக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு, ஏற்கும் கடமை கிடையாது. எதை ஏற்பது, எதை மறுப்பது என்பது சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் விருப்பம். மறுத்தால் காரணம் சொல்லும் கட்டாயம் மாணவர் கண்ணில் படும்படி எங்கும் இல்லை.

இதற்கு மறுதரப்பு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. பட்டத்தில் தன் பெயரைப் பொறிக்கும் பல்கலைக்கழகம் அந்த மாணவர் என்ன படித்தார் என்பதற்குப் பொறுப்பேற்கிறது. எங்கோ ஒரு கல்லூரியில் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துத் தேற்றிய தாளை அப்படியே ஏற்க வேண்டும் என்று எந்தப் பேராசிரியரையும் வற்புறுத்தக் கூடாது. கல்விக் குழுவின் சுதந்திரம் என்பது இதுதான். நானும் இந்த வாதத்தின் பக்கம்தான், ஒரு எல்லை வரை. அந்த எல்லை, சுதந்திரம் வருமானத்துக்குக் கவசமாகும் இடம். தாள்வாரியாகக் கட்டணம் வாங்கும் நிறுவனம், பழைய கிரெடிட் ஒவ்வொன்றையும் ஏற்கும்போது அந்தத் தாளுக்கான கட்டணத்தை இழக்கிறது. மறுப்பதால் லாபம் அடைபவரே மறுக்கும் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார். இப்படி ஓர் ஏற்பாட்டை நீதி உள்ளது என்று சொல்ல முடியாது.

கிரெடிட் மாற்றம் பல தலைமுறைப் பழக்கமாகிவிட்ட அமெரிக்காவிலேயே இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. லாப நோக்குத் தனியார் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போனவர்களின் இழப்பு 94 சதவீதம். அதாவது, கிட்டத்தட்ட எல்லாமே. ஐடிடி டெக் போன்ற நிறுவனங்கள் 2016இல் இழுத்து மூடப்பட்டபோது மாணவர்கள் கையில் மிஞ்சியது எங்கும் எளிதில் செல்லாத கிரெடிட்டும், அடைக்க வேண்டிய கல்விக் கடனும்.

அதே அமெரிக்காவில் வேறு காட்சியும் உண்டு. ஃபுளோரிடா மாநிலம் தன் பொதுக் கல்லூரிகளின் பாடங்களுக்குப் பொதுவான எண் கொடுத்திருக்கிறது. ஒரே எண் உள்ள பாடத்தை ஓரிடத்தில் தேறினால் மற்ற இடம் ஏற்க வேண்டும். பேரம் இல்லை. லாப நோக்கற்ற சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் இணையவழி இளநிலைப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 90 வரை வெளியிலிருந்து ஏற்கிறது. மாணவர் சேர்வதற்கு முன்பே, கட்டணமில்லாமல், எத்தனை தேறும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. பெருந்தன்மையால் அல்ல, போட்டியால். படிப்பை விட்டவர்கள் பெரிய சந்தை என்பது அவர்களுக்குத் தெரியும். எதுவானால் என்ன, மாணவருக்கு வேண்டிய தகவல் பணம் கட்டுமுன் கிடைக்கிறது.

ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 1997இல் லிஸ்பனில் கையெழுத்தான அங்கீகார உடன்படிக்கையின்படி, வேறு நாட்டில் படித்ததை ஏற்பதே இயல்பான நிலை. பாதியளவு படித்த காலத்துக்கும் இது பொருந்தும். மறுக்க விரும்பும் நிறுவனம்தான் இரண்டு படிப்புக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருப்பதை நிறுவ வேண்டும். நிரூபிக்கும் சுமை மாணவர் தோளில் இல்லை. நாடு விட்டு நாடு போகும் கிரெடிட்டுக்கு அங்கே இருக்கும் பாதுகாப்பு, திருச்சியிலிருந்து டெல்லிக்குப் போகும் கிரெடிட்டுக்கு இங்கே இல்லை.

இங்கே நன்றாக ஓடும் பகுதி எது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கல்லூரியில் இருந்துகொண்டே மத்திய அரசின் ஸ்வயம் இணையத் தளத்தில் பாடம் எடுத்து, அந்தக் கிரெடிட்டைத் தன் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் முறை வேலை செய்கிறது. 2016இல் 20 சதவீதமாக இருந்த வரம்பு 2021இல் 40 சதவீதமாக உயர்ந்தது. அந்தத் தளத்தில் உள்ள என்பிடெல் பாடங்களின் தேர்வு நேரடி மையத்தில் நடக்கிறது. வீட்டுப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 என்ற கணக்கும் தெளிவு. பாடம் இலவசம், தேர்வுக் கட்டணம் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில். 12 வாரப் பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட் என்பதால், 4 கிரெடிட் தாளுக்கு ஈடாக அதை வைக்கும்போது ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. அது சின்னத் தொந்தரவு. இது ஏன் ஓடுகிறது? எந்தப் பாடத்தை ஏற்கலாம் என்பதைக் கல்லூரி முன்கூட்டியே பட்டியலிட்டு அறிவித்துவிடுகிறது. மாணவர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சேர்கிறார்.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அடிப்படை நிலையில் நிறுத்தினால் சான்றிதழ், அடுத்து டிப்ளமோ, 114 கிரெடிட்டில் பி.எஸ்சி., 142இல் பி.எஸ். என்று இடையிடையே இறங்கும் படிகள். இறங்குகிற வாசலும் ஏறுகிற வாசலும் ஒரே நிறுவனத்தினுடையவை என்பதால் சேர்த்த கிரெடிட்டுக்குச் சேதமில்லை. இதைக் காட்டி, பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவதும் இப்படித்தான் இருக்கும் என்று விளம்பரம் செய்வது ஏமாற்று.

கால வரம்பு பற்றி ஒரு வார்த்தை. ஏபிசியில் கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஏழாண்டு. 2021-22 கல்வியாண்டுக்கு முன்பு படித்ததற்கு இடமே இல்லை. பாடங்கள் பழசாகும் என்பது உண்மை; கணினிக்கு ஏழாண்டுகூட அதிகம். ஆனால் வரலாறும் இலக்கியமும் கணிதமும் ஏழாண்டில் எந்த அளவுக்குப் பழசாகிவிடும்? 19 வயதில் திருமணத்தால் படிப்பை விட்ட பெண், பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் புத்தகத்தைத் திரும்ப எடுக்க முடியும். அப்போது அவளுக்கு 28, 30 ஆகியிருக்கும். திட்டம் யாருக்காக என்று சொல்லப்பட்டதோ, அவர்களையே ஏழாண்டு வரம்பு வெளியே தள்ளுகிறது. துறைக்கேற்ற வரம்பு வைப்பது ஒன்றும் முடியாத காரியமல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பது நிர்வாக வசதி, கல்வி நியாயம் அல்ல.

மூன்றாம் படி, பட்டத்தின் மதிப்பு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்திவிட்டது. தனியார் நிறுவனங்களில் பலவற்றுக்கு அது போதும். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு அது மட்டும் போதாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசை தவறினால், திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009ஆம் ஆண்டு அரசாணை சொல்கிறது. பட்டத்தின் பெயர் அறிவிப்பில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் டிஎன்பிஎஸ்சி இணைத்தன்மை அரசாணை கேட்கும். அதுவும் தேர்வு அறிவிக்கை வருவதற்கு முன்பே வெளியானதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலோர் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தருகிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி வரையிலான படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று இறுக்கியது. பி.ஏ. வரலாறு தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்த ஒருவர், மீதியை முடிக்கும் அவசரத்தில் ஆங்கிலவழி இணையப் பட்டத்துக்கு மாறினால், பட்டம் கேட்கும் குரூப் 1, குரூப் 2 பதவிகளில் அந்த முன்னுரிமையைத் தன் கையாலேயே விட்டுவிடுகிறார். நாற்பது கிரெடிட்டை மிச்சப்படுத்தப் போய் 20 சதவீத ஒதுக்கீட்டை இழப்பது லாபமா? சேர்க்கைக்காகத் தொலைபேசியில் அழைக்கும் ‘கவுன்சலர்’ இதைச் சொல்லமாட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

அந்தக் கவுன்சலர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கல்வி நிறுவனங்கள் எட்டெக் கம்பெனிகளோடு ஃபிரான்சைஸ் முறையில் பட்டம் நடத்தக் கூடாது என்று மானியக் குழு 2022 ஜனவரியிலேயே எச்சரித்தது. ‘உங்கள் பழைய கிரெடிட் எல்லாம் ஏறிவிடும் மேடம், முதலில் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டிவிடுங்கள்’ என்று பேசுகிறவர் பல்கலைக்கழகத்தின் ஊழியரா, வெளி ஏஜென்டா என்று கேட்டாலே பாதி விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

தீர்ப்புக்கு வருவோம். படித்ததைப் பதிவு செய்யும் ஏற்பாடாக ஏபிசி தேறிவிட்டது. சொந்தக் கல்லூரிக்குள் இணையப் பாடத்தைச் சேர்க்கும் வழியாகவும் தேறிவிட்டது. பாதியில் விட்டவரை இணையவழிப் பட்டம் வரை கொண்டுசேர்க்கும் பாலமாக, இன்றைய நிலையில் தோல்வி. அதற்குக் காரணம் தொழில்நுட்பமல்ல, ஏற்கும் கடமையை யார் மீதும் வைக்காத விதி. அதைச் சரிசெய்யப் புதிய செயலியோ புதிய எண்ணோ வேண்டாம். சேர்க்கைக் கட்டணம் வாங்குவதற்கு முன்பு, எந்தத் தாளுக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மறுத்தால் தாள்வாரியாகக் காரணம் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். மானியக் குழு நினைத்தால் ஒரு திருத்தத்தில் முடிகிற வேலை. தமிழ்நாட்டு அளவிலும் செய்யலாம். அரசு கலைக் கல்லூரியில் விட்டதைத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொடர, பாடவாரியான ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றை உயர்கல்வித் துறை வெளியிட்டாலே போதும். இரண்டும் மாநில அரசின் கீழ் இருப்பவை. டெல்லியோடு எந்தத் தகராறும் இல்லாமல் செய்யக்கூடியது.

அதுவரை, படிப்பை விட்டுவிட்டுத் திரும்ப நினைக்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் பழைய கல்லூரிதான். மறுசேர்க்கைக்கு வழி இருந்தால், அரியரை முடிக்கச் சிறப்பு வாய்ப்பு அறிவிக்கப்பட்டிருந்தால், அதுவே நல்ல வழி. ஒரு கிரெடிட்டும் வீணாகாது. அது முடியாதபோது மட்டும் இணையவழியைப் பாருங்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமல்ல, அந்தப் படிப்பின் பெயரும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மார்க் ஷீட்டையும் சிலபஸையும் பதிவாளருக்கு அனுப்பி, ஏற்கப்படும் தாள்களின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். பட்டியல் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.